செங்கோலும் எழுதுகோலும்: ருஷ்யப் பேரரசி இரண்டாம் கதரீன்



உலக வரலாற்றிலே 'மகா' என்ற அடைமொழியைப் பெற்ற மன்னர்கள் பலர். அரசியர் என்று பார்த்தால் அத்தகையோர் மிகச் சிலரே. அந்தச் சிலருள் ஒருவர், 1762 முதல் 1796 வரை முப்பத்துநான்கு ஆண்டுகள் ருஷ்யாவை ஆண்ட பேரரசி இரண்டாம் கதரீன். அவர் நடத்திய போர்களைப் பற்றியும், அவரது பேரரசு பரந்து விரிந்ததைப் பற்றியும் வரலாற்றாசிரியர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவரது அந்தரங்க வாழ்வைப் பற்றிய கதைகளுக்கும் குறைவில்லை. ஆனால் இலக்கியம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அவர் வேறொரு காரணத்தால் முக்கியமானவராகத் தோன்றுகிறார். கதரீன் ஓர் எழுத்தாளர். நாடகங்கள், சிறுவர் கதைகள், சஞ்சிகைக் கட்டுரைகள், ஆயிரக்கணக்கான கடிதங்கள், தன் வரலாறு என்று ஓயாமல் எழுதியவர்.

உயர்தர வகுப்பிலே சங்கப் பாடல்களைக் கற்பிக்கும்போது மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "சேர், புலவருக்குப் பரிசில் கொடுத்த மன்னர் எல்லாரும் நல்ல மன்னர்தானா?" நல்ல கேள்வி. பரிசில் கொடுப்பது ஒன்று. இடித்துரைக்கும் சொல்லைக் கேட்டுக்கொண்டிருப்பது இன்னொன்று. வள்ளுவர் மன்னனுக்கு வற்புறுத்துவது இரண்டாவதையே. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்க்கக் கதரீனின் வாழ்க்கையைப் போல உதவும் வரலாறு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்த ஓர் அரசி, தம் நாட்டிலே எழுதியவர்களை எப்படி நடத்தினார் என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

கதரீன் பிறப்பால் ருஷ்யர் அல்லர். 1729ஆம் ஆண்டு, அன்று பிரஷ்யாவுக்குச் சொந்தமாயிருந்த ஸ்டெற்றின் நகரிலே, ஒரு சிறிய ஜேர்மானியக் குறுநில மரபிலே பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் சோபியா. 1744இல், பதினான்கு வயதிலே, ருஷ்ய முடிக்குரிய இளவரசர் பீற்றருக்கு மணம் பேசி அழைத்து வரப்பட்டார். ருஷ்ய மொழியைக் கற்றார். ருஷ்யத் திருச்சபையைத் தழுவினார். கதரீன் என்னும் புதுப் பெயரைப் பெற்றார். அடுத்த ஆண்டு திருமணம் நிறைவேறியது. மண வாழ்வு கசந்தது. அரண்மனையில் தனித்துவிடப்பட்ட அந்தப் பதினேழு ஆண்டுகளிலும் அவருக்குத் துணையாயிருந்தவை புத்தகங்களே. உரோம வரலாற்றாசிரியர் டசிற்றசையும், பிரெஞ்சுச் சிந்தனையாளர்களான மொன்டெஸ்கியூவையும் வோல்ட்டயரையும் அவர் ஆழ்ந்து படித்தார்.

1762ஆம் ஆண்டு அவருடைய கணவர் மூன்றாம் பீற்றர் என்ற பெயருடன் அரியணை ஏறி ஆறு மாதங்களே ஆகியிருந்தன. காவற்படையினரின் துணையோடு கதரீன் ஆட்சியைக் கைப்பற்றினார். சிறைவைக்கப்பட்ட கணவர் சில நாட்களிலே கதரீனின் ஆதரவாளர்களது காவலில் இறந்துபோனார். கணவரின் இரத்தத்தின்மீது அமைந்த அரியணை என்ற பழிச்சொல் கதரீனை விட்டு நீங்கவேயில்லை. ஆகவே, தாம் நாகரிகமும் அறிவும் மிக்க ஆட்சியாளர் என்பதை ஐரோப்பாவுக்கு உணர்த்த வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. அதற்கு அவர் கையிலெடுத்த கருவி எழுதுகோலாகும்.

அரியணை ஏறிய மறு ஆண்டிலேயே வோல்ட்டயருடன் கடிதத் தொடர்பு தொடங்கியது. 1778இல் வோல்ட்டயர் இறக்கும்வரை, ஒருவரை ஒருவர் ஒருமுறையேனும் நேரிற் காணாமலே அந்த நட்பு நீடித்தது. அவர் இறந்த பின் அவருடைய நூல்நிலையம் முழுவதையும் கதரீன் விலைக்கு வாங்கினார். ஏறத்தாழ ஏழாயிரம் நூல்கள். வோல்ட்டயர் தம் கைப்பட ஓரங்களில் எழுதிய குறிப்புகளோடு அவை இன்றும் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலுள்ள தேசிய நூலகத்திலே பேணப்பட்டு வருகின்றன.

டிடரோவின் கதை இதனினும் சுவையானது. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தை உருவாக்கிய அந்த அறிஞர், மகளின் சீதனத்துக்காகத் தம் நூல்நிலையத்தை விற்க முன்வந்தார். 1765இல் கதரீன் 15,000 லிவர் கொடுத்து அதனை வாங்கினார். வாங்கியபின், "நூல்கள் உம்மிடமே இருக்கட்டும், நீரே எமது நூலகர்" என்ற பொருளில் ஆண்டுக்கு 1,000 லிவர் சம்பளமும் ஏற்படுத்தினார். பின்னர் ஐம்பது ஆண்டுச் சம்பளத்தை ஒரேயடியாக முற்பணமாக வழங்கினார். சொந்த நாட்டிலே தணிக்கையாளரின் தொல்லைக்கு ஆளாகியிருந்த ஓர் எழுத்தாளனுக்கு இது எத்தகைய பெருங்கொடை! பாரி, பேகன் வரிசையிலே வைத்துப் பாட நமக்கே ஆசை பிறக்கிறதல்லவா?

நேயர்களே, இங்கே சற்று நிதானிப்போம். வோல்ட்டயரும் டிடரோவும் தொலைவிலே இருந்தவர்கள். அவர்களுடைய பேனா பிரெஞ்சு அரசையும் பிரெஞ்சுத் திருச்சபையையும் தாக்கியது. ருஷ்யப் பண்ணையடிமையின் முதுகிலே விழுந்த கசையடியைப் பற்றி அவர்கள் நாள்தோறும் எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1773இல் டிடரோ சென் பீற்றர்ஸ்பேர்க்குக்கு நேரிலே வந்து, மாதக்கணக்கில் அரசியோடு உரையாடிச் சீர்திருத்தங்களை எடுத்துச் சொன்னார். அவர் எழுதுவது பொறுமையான காகிதத்தின்மீது என்றும், தாம் எழுத வேண்டியிருப்பது மனிதரின் தோலின்மீது என்றும் அரசி மறுமொழி கூறியதாக ஒரு பிரெஞ்சுத் தூதர் பின்னாளில் எழுதிவைத்தார். ஊர் திரும்பிய டிடரோ, ஒரு நாட்டின் உண்மையான இறைமை மக்களுக்கே உரியது என்ற கருத்தமையக் கதரீனின் சட்டக் கொள்கைகளைப் பற்றி ஒரு விமரிசனம் எழுதிவைத்தார். அவர் இறந்தபின் நூல்நிலையத்தோடு அந்தக் கையெழுத்துப் பிரதியும் அரசியின் கைக்கு வந்தது. படித்த அரசி சினந்து, அதனை வெறும் பிதற்றலென ஒதுக்கினார்.

அந்தச் சட்டக் கொள்கைகள் எவை? 1767இல் கதரீன் 'நக்காஸ்' எனப்படும் ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டார். புதிய சட்டத்தொகுதி ஒன்றை வரைவதற்காகக் கூட்டப்பட்ட, 500க்கு மேற்பட்ட பிரதிநிதிகளைக் கொண்ட பேரவைக்கு வழிகாட்டியாக அதனை அவரே எழுதினார். மொன்டெஸ்கியூவிடமிருந்தும் இத்தாலியச் சட்டவறிஞர் பெக்காரியாவிடமிருந்தும் பெரும்பகுதியைத் தாராளமாக எடுத்தாண்டார். சித்திரவதை தவறு, சட்டத்தின்முன் குடிகள் சமம் என்பன போன்ற கருத்துகள் அதிலே இருந்தன. அந்நூலைப் பிரான்சு தனது நாட்டுக்குள் வரவிடாது தடுத்தது. ஆனால் அதே 1767ஆம் ஆண்டில் மற்றுமோர் ஆணையும் பிறந்தது. பண்ணையடிமைகள் தம் எசமானர்மீது பேரரசியிடம் முறையிடக் கூடாது, முறையிட்டால் தண்டனை. பேரவையிலே பண்ணையடிமைகளுக்குப் பிரதிநிதிகள் இல்லை. அடுத்த ஆண்டு துருக்கியப் போர் மூண்டது, பேரவை கலைந்தது, சட்டத்தொகுதி வரையப்படவேயில்லை.

இனி, உள்நாட்டு எழுத்தாளர்களிடம் வருவோம். 1769இல் ருஷ்யாவில் ஒரு சஞ்சிகை தோன்றியது. அதன் பெயரைத் தமிழிலே 'பலதும் பத்தும்' என்று மிகப் பொருத்தமாகச் சொல்லலாம். அதனை மறைவிலிருந்து நடத்தியவர் பேரரசியே. அங்கதச் சஞ்சிகை நடத்த விரும்பும் பிறரும் முன்வரலாம் என அது அழைப்பு விடுத்தது. அழைப்பை ஏற்றவர்களுள் ஒருவர் நிக்கொலாய் நொவிக்கோவ் என்ற இருபத்தைந்து வயது இளைஞர். தம் சஞ்சிகைக்கு 'சோம்பேறித் தேனீ' என்று பொருள்படும் பெயரை வைத்தார். பிறர் உழைப்பில் உண்டு கொழுக்கும் நிலப்பிரபுக்களே அந்தத் தேனீக்கள் என்பதை வாசகர் புரிந்துகொண்டனர்.

இரு சஞ்சிகைகளுக்குமிடையே நடந்த விவாதம் இலக்கிய மாணவர்கள் அனைவரும் அறிய வேண்டியதொன்று. அங்கதம் மென்மையாக இருக்க வேண்டும். பொதுவான மனிதக் குறைகளையே நகைக்க வேண்டும். ஆட்களைச் சுட்டக் கூடாது என்றது அரசியின் சஞ்சிகை. தீமை செய்பவனை விட்டுவிட்டுத் தீமையை மட்டும் கண்டிப்பது எங்ஙனம் என்று கேட்டது நொவிக்கோவின் சஞ்சிகை. வாதத்தில் இளைஞரின் கையே ஓங்கியிருந்தது. ஆயினும் 1770இல் இளைஞரின் சஞ்சிகை நின்றுபோனது.

மூன்றாண்டுகள் கழிந்தன. எழுதவும் படிக்கவும் தெரியாத ஒருவன் கதரீனின் அரியணையை ஆட்டங்காணச் செய்தான். 1773இல் யாயிக் நதிக்கரையிலே எழுந்த புகச்செவ் என்னும் கொசாக் வீரன், தானே இறந்ததாகச் சொல்லப்படும் மூன்றாம் பீற்றர் என்று அறிவித்தான். அவனுடைய பெயரால் எழுதப்பட்ட பிரகடனங்கள் நிலத்தையும் விடுதலையையும் வாக்களித்தன. முறையிடும் வழி அடைக்கப்பட்ட மக்கள் அவன் பின்னே அணி திரண்டனர். பெரும் இரத்தப் பெருக்கின் பின் கலகம் அடக்கப்பட்டு, 1775 ஜனவரியில் மொஸ்கோவிலே அவன் கொல்லப்பட்டான். கலகத்தின் நினைவே எஞ்சலாகாது என்பதற்காக யாயிக் நதியின் பெயரையும் கதரீன் மாற்றினார். இன்று நாம் தேசப்படத்திலே காணும் யூரல் நதி அதுவேயாகும். சொல்லின் வலிமையை அறிந்தவர் அவர். ஆதலால் ஒரு சொல்லை அழிப்பதன் பயனையும் அறிந்திருந்தார்.

அவரது ஆட்சியின் நற்பயன்களை மறைப்பது நேர்மையாகாது. 1764இல் பெண்களின் கல்விக்காக அரச செலவிலே ஸ்மோல்னி நிறுவனத்தைத் தொடக்கினார். அதே ஆண்டில் அவர் வாங்கத் தொடங்கிய ஓவியங்களே இன்றைய ஹேர்மிற்றாஜ் அருங்காட்சியகத்தின் மூலதனம். 1768இல் பெரியம்மைக்கு எதிராக அம்மைப்பால் குத்தும் முறையை, மக்கள் அஞ்சி ஒதுங்கிய காலத்திலே, ஆங்கிலேய வைத்தியர் டிம்ஸ்டேலைக் கொண்டு முதலில் தம் உடலிலேயே செய்வித்துக்கொண்டார். 1783இல் ருஷ்ய மொழிக்கென ஒரு கழகத்தை நிறுவி, டாஷ்கோவா என்ற பெண்மணியை அதன் தலைவராக்கினார். அக்கழகம் 1789 முதல் 1794 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட அகராதி, 43,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்டது. ஆசியாவினதும் ஐரோப்பாவினதும் 200 மொழிகளிலிருந்து சொற்களைத் திரட்டி ஒப்பிடும் அகராதி ஒன்றையும் அவர் தூண்டுதலால் பல்லாஸ் என்ற அறிஞர் பதிப்பித்தார். அதற்கான சொற்பட்டியலை வகுப்பதிலே அரசியே இரவு பகலாக ஈடுபட்டார். மொழியியல் வரலாற்றிலே இம்முயற்சிக்கு ஓரிடம் உண்டு.

இலக்கியமும் செழித்தது. 1782இல் பொன்விசினின் 'விடலை' என்னும் நகைச்சுவை நாடகம் மேடையேறி, கல்லாத நிலப்பிரபுக் குடும்பங்களின் கொடுமையைச் சிரிக்கச் சிரிக்கக் காட்டியது. கதரீன் தம் பேரனுக்காக எழுதிய கதையிலே வரும் பெலிற்சா என்ற பாத்திரத்தின் பெயரால் அவரையே போற்றி டெர்ஷாவின் ஒரு கவிதை புனைந்தார். அரசியின் எளிமையைப் புகழ்ந்து, அவைப் பிரபுக்களின் ஆடம்பரத்தைக் கேலி செய்த அந்தப் பாடலுக்குப் பரிசிலாகப் பொற்காசுகள் நிறைந்த பொற்சிமிழ் ஒன்று வந்து சேர்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1783இல் தனியார் எவரும் அச்சகம் வைத்துக்கொள்ளலாம் என்ற ஆணை பிறந்தது. அச்சிடுமுன் பொலிசாரின் அனுமதி பெற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ருஷ்ய எழுத்துலகின் கதவு அன்றுதான் அகலத் திறந்தது.

திறந்த கதவின் வழியே யார் வந்தார்? அலெக்சாண்டர் ராடிஷ்செவ் வந்தார்.

இவர் கதரீனின் அரண்மனையிலே பணிச் சிறுவனாக இருந்தவர். 1766இல் சட்டம் பயில்வதற்காக அரச செலவில் ஜேர்மனியின் லைப்சிக் நகருக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர். அரசி படித்த அதே பிரெஞ்சுச் சிந்தனையாளர்களை அவரும் அங்கே படித்தார். நாடு திரும்பித் தலைநகரின் சுங்க அலுவலகத்திலே உயர் பதவி வகித்தார். 1783ஆம் ஆண்டின் ஆணையைப் பயன்படுத்தித் தம் வீட்டிலேயே ஒரு சிறு அச்சுப்பொறியை நிறுவினார். 1790இல் 'சென் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து மொஸ்கோவுக்கு ஒரு பயணம்' என்ற நூல், ஆசிரியர் பெயரின்றி, அறுநூற்றைம்பது பிரதிகள் அளவிலே அங்கே அச்சாயிற்று. அனுமதி வழங்கிய பொலிஸ் அதிபர், பயண நூல்தானே என்று படிக்காமலே கையொப்பமிட்டிருந்தார்!

அது சாதாரண பயண நூல் அன்று. ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் வழியிலுள்ள ஒரு தங்குமடத்தின் பெயர். ஓரிடத்திலே, ஞாயிற்றுக்கிழமை கடும் வெயிலில் உழுதுகொண்டிருக்கும் ஓர் உழவனைப் பயணி காண்கிறார். வாரத்தின் ஆறு நாட்களும் எசமானின் நிலத்திலே உழைப்பவனுக்குத் தன் பிள்ளைகளுக்குச் சோறு தேட மிஞ்சியிருப்பது அந்த ஓய்வுநாளும் இரவுகளுமே. இன்னோரிடத்திலே ஒரு குடும்பமே ஏலத்தில் விற்கப்படுகிறது. அக்காலப் பத்திரிகைகளில் ஆட்கள் விற்பனைக்கு உண்டு என்ற விளம்பரங்கள் வந்துகொண்டிருந்தன என்பதை நேயர்கள் மனங்கொள்ள வேண்டும். மற்றோர் அத்தியாயத்தில் பயணி ஒரு கனவு காண்கிறார். கனவிலே அவர் ஓர் அரசர். சுற்றியுள்ளோர் அனைவரும் புகழ்கின்றனர். உண்மை என்னும் பெண் யாத்திரிகையாக வந்து அரசரின் கண்ணிற் படர்ந்திருந்த படலத்தை உரித்தெடுக்கிறாள். உடனே பளபளத்த ஆடைகளெல்லாம் இரத்தக் கறை படிந்தவையாகத் தெரிகின்றன.

கதரீன் அந்நூலை முழுவதும் படித்தார். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதிப் படித்தார். அந்நூலை அவரளவு கவனமாகப் படித்த வாசகர் அன்று வேறு எவரும் இருந்திருக்க மாட்டார். படித்து முடித்து, இந்த ஆசிரியன் புகச்செவ்வை விடவும் பொல்லாத கலகக்காரன் என்று முடிவு கட்டினார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது பத்தாண்டுச் சைபீரிய நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. ஒரு பெரும் படையைத் திரட்டியவனை விட, ஒரு சிறு அச்சுப்பொறி வைத்திருந்தவன் ஆபத்தானவன் என்று கருதிய அரசியின் கணிப்பு, இலக்கியத்துக்கு அவர் தம்மையறியாமல் வழங்கிய மிகப்பெரிய பாராட்டு என்றே நான் எண்ணுகிறேன்.

அதன்பின் கதவு வேகமாகச் சாத்தப்பட்டது. 1789இல் வெடித்த பிரெஞ்சுப் புரட்சியும் 1793இல் பிரெஞ்சு மன்னரின் தலை வெட்டப்பட்டதும் கதரீனை நடுங்க வைத்திருந்தன. இடையிலே மொஸ்கோ பல்கலைக்கழக அச்சகத்தைக் குத்தகைக்கு எடுத்து நூற்றுக்கணக்கான நூல்களை மக்களிடம் கொண்டுசென்றிருந்த நொவிக்கோவ், 1792இல் கைதாகி, பதினைந்து ஆண்டுச் சிறைவாசம் விதிக்கப்பெற்றுக் கோட்டைச் சிறைக்குப் போனார். 1793இல் க்னியாஷ்னின் என்ற நாடகாசிரியர் எழுதிய 'நொவ்கொரொட் வடீம்' என்னும் துன்பியல் நாடகம் எரிக்கப்படுமாறு ஆணையிடப்பட்டது. ஆசிரியர் ஏற்கெனவே இறந்திருந்தபடியால் நூல் மட்டுமே அகப்பட்டது. பரிசில் பெற்ற டெர்ஷாவினும் தப்பவில்லை. விவிலியச் சங்கீதம் ஒன்றைத் தழுவி, நீதி தவறும் ஆட்சியாளரைக் கண்டித்து அவர் எழுதிய பாடல், 1795இல் புரட்சிக் குரலாகச் சந்தேகிக்கப்பட்டது. தாவீது அரசர் புரட்சிக்காரர் அல்லர் என்று அவர் விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று! 1796 செப்டெம்பரில் தனியார் அச்சகங்கள் மூடப்பட்டன. நகரங்களிலே தணிக்கை அலுவலகங்கள் அமைந்தன. திறந்த கையே கதவை மூடியது. இரண்டு மாதங்களில், நவம்பரில், கதரீன் காலமானார்.

அவர் விட்டுச்சென்ற அரசியல் மரபும் இத்தகைய இருமுகம் உடையதே. போலந்து 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை கூறுபோடப்பட்டுத் தேசப்படத்திலிருந்தே மறைந்தது. 1783இல் கிரிமியா இணைக்கப்பட்டது. அதே ஆண்டில் உக்ரேனிய உழவர் நிலத்தோடு பிணைக்கப்பட்டனர். அவரது ஆணைப்படி 1794இல் அமைக்கப்பட்ட ஒடெசா நகரிலே 1900ஆம் ஆண்டு அவருக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. புரட்சியின் பின் 1920இல் அது அகற்றப்பட்டது. 2007இல் மீண்டும் நிறுவப்பட்டது. ருஷ்யப் படையெடுப்பு நிகழ்ந்த 2022ஆம் ஆண்டின் டிசெம்பரில் மறுபடியும் இறக்கப்பட்டது. இறந்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் அரசியின் சிலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறதென்றால், அவர் தொடங்கிவைத்த வழக்கு இன்னும் தீரவில்லை என்பதுதானே பொருள்?

ருஷ்யாவின் மகாகவி புஷ்கினே அவரை இரு விதமாக எழுதினார். இளமையில் எழுதிய வரலாற்றுக் குறிப்பொன்றில் அவரை மோலியேரின் நாடகத்திலே வரும் நயவஞ்சகனுக்கு ஒப்பிட்டார். 1836இல் வெளிவந்த 'கப்டனின் மகள்' என்ற நாவலிலோ, பூங்காவிலே நாயோடு உலாவரும் கனிந்த பெண்மணியாக, ஏழைப் பெண்ணின் முறையீட்டைக் கேட்டு அருள் செய்பவராகக் காட்டினார். அதே நாவலில் புகச்செவ்வும் கொடியவனாகவும் பெருந்தன்மை உள்ளவனாகவும் வருகிறான். அரசி அழிக்க விரும்பிய நினைவையும் அரசியின் நினைவையும் ஒரே நூலுக்குள் அமர்த்திவைத்தான் கவிஞன். அதுதான் இலக்கியம் வழங்கும் நீதி.

இறுதியாக ஒரு செய்தி. ராடிஷ்செவ்வின் நூல் ருஷ்யாவிலே தடை செய்யப்பட்டே கிடந்தது. கதரீன் பிரெஞ்சு மொழியிலே எழுதிவைத்த தன் வரலாறும் வெளிச்சம் காணவில்லை. அரச குடும்பத்தின் இரகசியங்கள் வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சிய அவருடைய சொந்தப் பேரர் முதலாம் நிக்கலஸ், அதன் பிரதிகளைத் தேடிக் கைப்பற்றச் செய்தார். பிற்காலத்தில் இரண்டு நூல்களையும் வெளியிட்டவர் ஒருவரே. இலண்டனிலே நாடிழந்து வாழ்ந்த ருஷ்ய எழுத்தாளர் அலெக்சாண்டர் ஹேர்சன், தமது சுதந்திர அச்சகத்திலிருந்து 1858இல் ராடிஷ்செவ்வின் பயண நூலை வெளியிட்டார். 1859இல் கதரீனின் தன் வரலாற்றை வெளியிட்டார். தண்டித்தவரின் நூலும் தண்டிக்கப்பட்டவரின் நூலும் அந்நிய மண்ணிலே ஓர் அச்சகத்தின் மூலம் விடுதலை பெற்றன.

அதிகாரம் தன் கையில் இருக்கும்வரை, தணிக்கை என்பது பிறருடைய எழுத்துக்கு மட்டுமே என்று ஆள்வோர் நினைக்கிறார்கள். அவர்களுடைய எழுத்துக்கும் ஒருநாள் ஒரு சுதந்திர அச்சகம் தேவைப்படுகிறது.